அமெரிக்க விவசாயிகளுக்கான தொற்றுக்கால நிவாரணம்: கவுண்டி அலுவலகச் சேவை பற்றிய மதிப்புரை

2020 ஏப்ரலில் அமெரிக்க விவசாயியின் சரக்கு பண்ணையிலேயே தேங்கிக் கிடந்தது. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரிலுள்ள ஸ்மித்ஃபீல்டு பன்றி இறைச்சி ஆலை, தொழிலாளரிடையே கொரோனா பரவியதால் காலவரையின்றி மூடப்படுவதாக ஏப்ரல் 12 அன்று அறிவித்தது. பள்ளிகளும் உணவகங்களும் மூடிக் கிடந்ததால் விஸ்கான்சினில் கறந்த பாலை வாங்க ஆளில்லாமல் கீழே கொட்டினார்கள். சாலையில் வாகனங்கள் குறைந்து எரிபொருள் தேவை விழுந்தபோது, மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எரிபொருள் எடுக்கும் ஆலைகள் உற்பத்தியைச் சுருக்கின. அதோடு மக்காச்சோளத்தின் விலையும் சரிந்தது. இந்த நிலையில்தான் அப்போதைய வேளாண் செயலர் சன்னி பர்டூ, ஏப்ரல் 17 அன்று 1,900 கோடி டாலர் நிவாரணத்தை அறிவித்தார். அதில் 1,600 கோடி டாலர் விவசாயிகளின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போக வேண்டிய பணம். கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். களத்தில் எல்லோரும் அதைச் ‘சீஃபேப்’ என்றே சொன்னார்கள்.

இல்லினாய் மாநிலத்தின் கிராமப்புற கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றில் விவசாயக் குடும்பங்களுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். அதனால் இந்தத் திட்டத்தின் முதல் விண்ணப்பத்திலிருந்து கடைசி வரிப்படிவம் வரை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஓர் அரசுத் திட்டத்தை உணவகத்தையோ கடையையோ மதிப்பிடுவதுபோல் மதிப்பிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காக நடத்தப்படும் சேவை என்பதால், அது கேட்டவருக்கு எப்படிக் கிடைத்தது, யாருக்கு எளிதாக இருந்தது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்று எழுதி வைப்பது இன்னும் அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் சேவையின் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் கீழுள்ள பண்ணைச் சேவை முகமைக்கு நாடெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் உண்டு. விண்ணப்பம் மே 26 அன்று தொடங்கியபோது பெரும்பாலானவை பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. தொலைபேசியில் நேரம் வாங்கி, படிவத்தை மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்ப வேண்டும், அல்லது வாசலில் வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் பகுதியில் பல விவசாயிகளின் வீட்டில் இணையம் ஒழுங்காக வராது. வண்டியை நகர நூலகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நிறுத்தி, அங்கு கிடைத்த இணைப்பில் படிவத்தைத் தரவிறக்கியவர்கள் உண்டு. இத்தனைக்கும் நடுவே அந்த அலுவலகப் பணியாளர்கள் காட்டிய பொறுமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். விதைப்புக் காலம் என்பதால் விவசாயி பகலில் வயலில் இருப்பார் என்று தெரிந்து, இரவு உணவு நேரத்துக்குப் பிறகு அவர்களே அழைத்து, விடுபட்ட கையெழுத்தையும் தவறாக எழுதப்பட்ட வங்கி எண்ணையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினார்கள். விதி அவர்கள் எழுதியதன்று. விதியின் மேல் எழுந்த கோபத்தையெல்லாம் முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான்.

விண்ணப்பத்துக்காகத் துறை ஓர் எக்செல் கணிப்பானைத் தந்தது. பயிர் அளவையும் கால்நடை எண்ணிக்கையையும் அதில் நிரப்பினால், தொகையைக் கணக்கிட்டு, ஏடி-3114 என்ற படிவத்தை அதுவே நிரப்பி அச்சிட்டுக் கொடுக்கும். கணினி பழகியவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல கருவி. ஏற்கெனவே மானியத் திட்டங்களில் இருந்தவர்களின் வருமானச் சான்று, நிலப் பாதுகாப்பு உறுதிமொழி, வங்கி விவரம் ஆகியவை கோப்பில் இருந்ததால் அவர்கள் இந்த ஒரு படிவத்தோடு முடித்துக்கொண்டார்கள். கோப்பே இல்லாதவர்கள் அத்தனை படிவங்களையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. முகமையின் முன் எல்லோரும் ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்றதுபோல் தோன்றினாலும், சிலர் வரிசையின் பாதியிலிருந்து தொடங்கினார்கள் என்பதே உண்மை. இந்த மதிப்புரையில் நான் சொல்லவரும் குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வேகத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஜூன் மாதத் தொடக்கத்திலேயே பணம் கணக்குகளில் ஏறத் தொடங்கியது. நிதி தீர்ந்துவிடக்கூடாது என்பதற்காக முதலில் 80 சதவீதம் மட்டும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் மீதி 20 சதவீதமும் தானாகவே வந்துசேர்ந்தது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 28 என்றிருந்த கடைசி நாளைச் செப்டம்பர் 11 வரை நீட்டித்தார்கள். இவை சரியான முடிவுகள்.

ஆனால் எதை அளந்து பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் பாராட்டு மெலிகிறது. 2020 ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை 5 சதவீதமோ அதற்கு மேலோ விலை வீழ்ந்த விளைபொருளுக்குத்தான் முதல் சுற்றில் பணம். மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளலாம். 2019 விளைச்சலில் பாதி, அல்லது ஜனவரி 15 அன்று விலை பேசி முடிக்காமல் கையிருப்பில் இருந்த அளவு, இரண்டில் எது குறைவோ அது கணக்கில் வரும். அதன் ஒரு பாதிக்கு, தொற்றுக்கால நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்தின் நிதியிலிருந்து புஷலுக்கு (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவை) 32 சென்ட், மறுபாதிக்கு வேளாண் துறையின் கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் நிதியிலிருந்து 35 சென்ட். 24,000 புஷல் விளைவித்து 10,000 புஷல் கையிருப்பு வைத்திருந்த ஒருவருக்கு இந்தக் கணக்குப்படி 3,350 டாலர். முதல் தவணையாக 2,680 டாலர். சோயாவுக்கு 45 சென்ட்டும் 50 சென்ட்டும். கையில் களஞ்சியச் சீட்டு இருந்தால் இது தெளிவான, நேர்மையான கணக்கு. ஆனால் இல்லினாயின் தென்பகுதியில் விளையும் மென்சிவப்புக் குளிர்காலக் கோதுமை இந்தப் பட்டியலில் இல்லை. கோதுமையில் டியூரமும் வன்சிவப்பு வசந்தகாலக் கோதுமையும் மட்டுமே முதல் சுற்றில் தகுதி பெற்றன. ஒரே சாலையின் இருபுறமும் வயல் வைத்திருப்பவர்களில் ஒருவருக்குப் பணம் வந்து மற்றவருக்கு வராமல் போனதற்கு ஐந்து சதவீதக் கோடு காரணம் என்பதை அந்தக் குடும்பங்களிடம் விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

கால்நடைக் கணக்கு இதைவிடக் கடினமானது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இறைச்சிக்குத் தயாரான மாட்டை ஜனவரி 15க்கும் ஏப்ரல் 15க்கும் இடையில் விற்றிருந்தால், ஒரு மாட்டுக்கு 214 டாலர் கிடைக்கும். ஏப்ரல் 16 அன்றும் கொட்டிலிலேயே நின்றிருந்தால், அந்த நாளிலிருந்து மே 14 வரையிலான கையிருப்புக் கணக்கில் ஒரு மாட்டுக்கு 33 டாலர்தான். ஜனவரி கடைசி வாரத்தில், தொற்றின் நிழல் சந்தையில் விழுவதற்கு முன்பே நல்ல விலைக்கு விற்றவர் 214 டாலரைப் பெற்றார். ஆலைகள் மூடியதால் விற்க வழியின்றி, எடை கூடிக்கொண்டே போகும் மாட்டுக்குத் தீவனமும் போட்டு, மே மாதத்தின் படுமோசமான நாட்களைத் தாண்டியவர் 33 டாலரைப் பெற்றார். நான் கணக்கு எழுதும் ஒரு குடும்பத்தின் நாற்பது மாடுகளை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஏற்றிச்செல்ல வேண்டிய லாரி வரவில்லை, ஆலை அவர்களுக்கு ஒதுக்கியிருந்த நாளை ரத்து செய்துவிட்டது. ஏற்றியிருந்தால் 8,560 டாலர். ஏற்ற முடியாமல் போனதால் 1,320 டாலர். யார் அதிகம் இழந்தாரோ அவருக்கே குறைவாகக் கொடுக்கும்படி அமைந்த இந்தத் தேதிக்கோடு, இந்தத் திட்டத்தின் மிகப்பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு நிதிகள் இரண்டு காலங்களுக்கு என்று பிரிக்கப்பட்டிருந்ததால் நேர்ந்த விளைவு இது என்று விளக்கம் சொன்னார்கள். சட்டப்படி அது சரியான விளக்கமாக இருக்கலாம். கொட்டிலில் நின்ற மாட்டுக்கு எந்த நிதி என்பது தெரியாது.

காய்கறி விளைவித்தவர்களின் நிலையும் தனியாகச் சொல்லத்தக்கது. முதல் சுற்றில் அவர்கள் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே, விலை குறைந்து விற்றது எத்தனை பவுண்டு, அனுப்பியும் பணம் வராமல் கெட்டுப்போனது எத்தனை பவுண்டு, பண்ணையை விட்டே வெளியேறாதது எத்தனை பவுண்டு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆயிரம் ஏக்கரில் ஒரே பயிர் போடும் பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு மாலை வேலை. உணவகங்களுக்கும் சனிக்கிழமைச் சந்தைக்கும் முப்பது வகைக் கீரையும் காயும் விற்றுவந்த ஒரு பெண்மணி தன் விற்பனைக் குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்தார். கட்டு, கூடை, பெட்டி என்றுதான் அதில் எழுதியிருந்தது. ஒரு கட்டு முள்ளங்கி எத்தனை பவுண்டு என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துப் பெருக்கினோம். அவர் அதுவரை எந்த அரசுத் திட்டத்திலும் சேராதவர் என்பதால் முகமையில் அவருக்குப் பண்ணை எண்ணும் கிடையாது. குத்தகைப் பத்திரம், அடையாளச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து எண் வாங்குவதற்குள் கோடை பாதி கழிந்துவிட்டது. வந்த தொகை, செலவிட்ட நேரத்துக்கு ஈடாகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் குறையை வேளாண் துறை கவனித்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 21ஆம் தேதி முதல் டிசம்பர் 11 வரை விண்ணப்பம் வாங்கிய இரண்டாம் சுற்று, ஏறத்தாழ 1,400 கோடி டாலர் மதிப்புடையது. அதில் பழம், காய்கறி, பூச்செடி போன்றவற்றுக்குப் பவுண்டுக் கணக்கை விட்டுவிட்டு 2019ஆம் ஆண்டின் விற்பனைத் தொகையை அடிப்படையாக வைத்தார்கள். 50,000 டாலருக்குக் குறைவான விற்பனைக்கு 10.6 சதவீதம், அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து, பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு 8.8 சதவீதம். 40,000 டாலருக்கு விற்றவருக்கு 4,240 டாலர். ஒரே எண், ஒரே பெருக்கல். முள்ளங்கிக் கட்டை நிறுத்துப் பார்த்த பெண்மணிக்கு இந்த முறை விண்ணப்பம் ஒரே அமர்வில் முடிந்தது. சிறியவருக்குச் சற்றுக் கூடுதலான விகிதம் என்ற வரிசையும் எனக்குப் பிடித்திருந்தது. மென்சிவப்புக் கோதுமையும் இந்தச் சுற்றில் உள்ளே வந்தது. மக்காச்சோளம், சோயா போன்றவற்றுக்கு ஏக்கருக்குக் குறைந்தபட்சம் 15 டாலர் உறுதியாயிற்று. மாட்டுக்குத் தலைக்கு 55 டாலர், பன்றிக்கு 23 டாலர்.

அப்போதும் வெளியே நின்றவர்கள் ஒப்பந்த வளர்ப்பாளர்கள். கோழியும் பன்றியும் பெரிய நிறுவனத்துடையவை. கொட்டகையும் கடனும் உழைப்பும் மட்டுமே வளர்ப்பவருடையவை. ஆலை வேகம் குறைந்தபோது நிறுவனம் அடுத்த குஞ்சுகளை அனுப்பத் தாமதித்தது. கொட்டகை காலியாகக் கிடந்த அந்த வாரங்களிலும் வங்கித் தவணை நிற்கவில்லை. சொந்தக் கால்நடை இல்லை என்ற காரணத்தால் இரண்டு சுற்றிலும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டம்தான் அவர்களைச் சேர்த்தது. வருவாய் இழப்பில் 80 சதவீதம் வரை என்பது அவர்களுக்கான அளவுகோல். உண்மையான இழப்பை அளந்த முறை என்று பார்த்தால், கடைசியில் வந்த இவர்களுக்குக் கிடைத்ததே மற்றவற்றைவிட நியாயமானது. ஆனால் 2021 ஜனவரியில் புதிய நிர்வாகம் மறுஆய்வுக்காகத் திட்டத்தை நிறுத்திவைத்தது, ஏப்ரல் 5 அன்றுதான் விண்ணப்பத்தை மீண்டும் திறந்தது, அக்டோபர் 12 அன்று முடித்தது. காலியான கொட்டகையோடு ஓராண்டுக்கு மேல் காத்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் சிறிய விஷயமன்று.

அதே 2021 வசந்தத்தில் நடந்த இன்னொன்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தச் சட்டத்தின்படி மக்காச்சோளம், சோயா, கோதுமை போன்றவற்றுக்கு ஏக்கருக்கு 20 டாலர் கூடுதலாக, புதிய விண்ணப்பம் ஏதுமின்றிக் கணக்கில் ஏறியது. 500 ஏக்கருக்கு 10,000 டாலர். அந்த நேரத்தில் மக்காச்சோளத்தின் விலை பல ஆண்டுகளில் காணாத உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் புஷல் 7 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் மறுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் சீனாவுடனான வர்த்தகப் போர் ஆண்டுகளின் கடனை அதைக்கொண்டுதான் அடைத்தார்கள். ஆனால் கோப்பிலிருந்த ஏக்கருக்குக் கேட்காமலே பணம் போனதும், கோழிக்கொட்டகைக்காரர் படிவம் நிரப்பிக் காத்திருந்ததும் ஒரே மாதங்களில் நடந்தன. மாட்டுக்காரர்களுக்கும் அப்போது கூடுதல் தொகை வந்தது; அதில் இறைச்சி மாட்டுக்கான 63 டாலர், முதல் சுற்றில் 33 டாலர் பெற்ற அதே கையிருப்பு மாடுகளுக்குப் போனது.

உச்சவரம்பு பற்றி ஒரு சொல். முதல் சுற்றில் ஒருவருக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். நிறுவனமாக இருந்து, உறுப்பினர் மூவர் தலா 400 மணி நேரம் உழைத்ததாகவோ நிர்வகித்ததாகவோ காட்டினால் 7,50,000 டாலர் வரை. சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதியில்லை என்றார்கள். அந்த வருமானத்தில் 75 சதவீதம் விவசாயத்திலிருந்தே வந்தால் அந்தத் தடையும் நீங்கிவிடும். உற்பத்தி அளவை வைத்துப் பணம் தரும் திட்டத்தில் பெரியவருக்குப் பெரிய தொகை போவது கணக்கின் இயல்பு. அதைக் கட்டுப்படுத்த வேண்டிய வரம்பு இவ்வளவு தளர்வாக இருந்திருக்கத் தேவையில்லை.

கோப்பில் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாட்டுக்கு நாட்டளவில் இன்னும் கசப்பான முகம் ஒன்று உண்டு. முந்தைய நிர்வாகத்தின் நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குச் சென்றது 0.1 சதவீதம் மட்டுமே என்று பர்டூவுக்குப் பின் வேளாண் செயலரான டாம் வில்சாக் 2021இல் கூறினார். தென் மாநிலங்களில் தாத்தா காலத்து நிலம் உயில் இல்லாமல் பல வாரிசுகள் பெயரில் பொதுவாகக் கிடக்கிறது. தெளிவான பத்திரம் இல்லாததால் பண்ணை எண் வாங்குவதே அவர்களுக்கு நீண்ட நாள் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் மாற்று ஆவணங்களை ஏற்க வழிசெய்திருந்தபோதும், கதவு மூடிய அலுவலகத்தில் தொலைபேசி வழியாக அதை நிறைவேற்றுவது வேறு கதை. 2021 மார்ச்சில் வந்த சட்டம் இத்தகைய விவசாயிகளின் முகமைக் கடனைத் தள்ளுபடி செய்ய முயன்றது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன, 2022இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது.

சரிபார்ப்பு இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. விவசாயி எழுதிக் கையெழுத்திட்டதை நம்பிப் பணம் கொடுத்தார்கள். பிறகு சிலரிடம் மட்டும் ஆவணம் கேட்டார்கள். அவசரக் காலத்தில் அந்த நம்பிக்கை தேவைதான், அதில்லாமல் ஜூனில் பணம் வந்திருக்காது. ஆனால் சுமார் 3,100 கோடி டாலர் விநியோகித்த பிறகு, அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022இல் தன் அறிக்கையில், பணம் பெற்றவர்களின் ஆவணங்களை இன்னும் கடுமையாக ஆராய வேண்டும் என்று வேளாண் துறைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. நேர்மையாக மாட்டை எண்ணி எழுதிய குடும்பங்களுக்கு இது ஓர் அவமதிப்புபோல் பட்டது. எனக்கு அது அவர்களுடைய பெயரைக் காக்கும் செயலாகவே தெரிகிறது. எப்படியும் யாருக்கு எவ்வளவு என்பது இரகசியமன்று. சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தன்னார்வ அமைப்பின் இணையதளத்தில் கவுண்டிவாரியாக மானியத் தொகைகள் கிடைக்கின்றன. சிறிய ஊரில் அதைப் பார்க்காதவர் குறைவு.

பணம் வந்தபின் கிடைத்த வழிகாட்டுதலும் போதவில்லை. இந்த நிவாரணம் வரிக்குட்பட்ட வருமானம். விவசாய வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப் படிவத்தில் காட்ட வேண்டும், வருமான வரியோடு சுயதொழில் வரியும் உண்டு. ஜனவரியில், அரசு கொடுத்த தொகையைக் காட்டும் 1099-ஜி தாள் தபாலில் வந்தபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. முழுத்தொகையும் அதற்குள் விதைக்கும் உரத்துக்கும் போயிருந்தது. அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஆக, பணியாளர்களின் உழைப்புக்கும் முதல் பணம் வந்த வேகத்துக்கும் நான் முழு மதிப்பெண் தருகிறேன். இரண்டாம் சுற்றில் செய்த திருத்தங்களுக்கு நல்ல மதிப்பெண் உண்டு. இழப்பை அளக்காமல் புஷலையும் ஏக்கரையும் தலையையும் அளந்த வடிவமைப்புக்குத் தேர்ச்சி தர என்னால் முடியவில்லை. இதைப் படிக்கும் சிறு விவசாயிகள், குறிப்பாக நம்மவர்களில் அமெரிக்காவில் சில ஏக்கர் வாங்கிக் காய்கறியோ ஆடோ வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள், எந்தத் திட்டமும் தேவைப்படாத இப்போதே உங்கள் கவுண்டி அலுவலகத்துக்குப் பத்திரத்தையோ குத்தகை ஒப்பந்தத்தையோ அடையாளச் சான்றையோ எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணை எண் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையைத் தேதி, அளவு, தொகை மூன்றோடும் எழுதி வையுங்கள். அந்த அலுவலகத்தை மேற்பார்வை செய்யும் கவுண்டிக் குழு உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முதல் முறையீடும் பெரும்பாலும் அவர்களிடம்தான் போகும். வாக்குச்சீட்டு நவம்பரில் தபாலில் வரும், டிசம்பர் தொடக்கத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.